பழைய மாருதி 800ல லைட் எரியுதா, செல்ஃப் எடுக்கலையா? பார்ட் மாத்துறதுக்கு முன்னாடி மீட்டர் வைங்க

பழைய வண்டி வச்சிருக்கறவங்க கரண்ட் கோளாறுல வீணா விடுற காசைப் பார்த்தா எனக்கு மனசு கேக்காது. டேஷ்போர்டுல பேட்டரி லைட் எரிஞ்சா டைனமோ (பேட்டரிய சார்ஜ் பண்றது) மாத்து, செல்ஃப் (என்ஜினை சுத்தி ஸ்டார்ட் பண்ற மோட்டார்) எடுக்கலன்னா பேட்டரி மாத்து, ஹெட்லைட் மங்கலா இருந்தா பெரிய வாட் பல்பு போடுன்னு போயிட்டே இருப்பாங்க, மாத்தின சாமான் எல்லாம் புதுசா இருக்கும், கோளாறு மட்டும் அப்படியே இருக்கும். நான் பார்த்த வரைக்கும் வருஷக்கணக்கா ஓடின வண்டில கோளாறு பெரும்பாலும் சாமான்ல இருக்காது, சாமானுக்கு கரண்ட் போய் சேர்ற வழியிலயும் அது பாடி, என்ஜின் வழியா பேட்டரி நெகட்டிவுக்கு திரும்பி வர்ற எர்த்லயும்தான் இருக்கும்.

இங்க மாருதி 800ஐ வச்சு சொல்றேன், 1983 டிசம்பர்ல வந்து 2014 ஜனவரில உற்பத்தி நின்ன வண்டி, இன்னமும் நம்ம ஊர்ல நிறைய ஓடுது. ஆம்னி, ஜென், பத்மினி, அம்பாசடர் வச்சிருக்கறவங்களுக்கும் வயர் கலரும் பியூஸ் பாக்ஸ் இடமும்தான் மாறும், பார்க்கிற முறை ஒண்ணுதான்.

கையில என்ன வேணும்னா, ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், ஒரு 21 வாட் இண்டிகேட்டர் பல்புக்கு ரெண்டு வயர் வச்சு கட்டின டெஸ்ட் லேம்ப், 10 நம்பர் ஸ்பானர், உப்புத்தாள், கொஞ்சம் வாசலின். இவ்ளோதான். மோதிரம், காப்பு, செயின் ஸ்ட்ராப் வாட்ச் எல்லாத்தையும் கழட்டி வச்சிட்டு ஆரம்பிங்க, பேட்டரி பாசிட்டிவ்ல ஸ்பானர் வச்சிருக்கும்போது அது பாடில பட்டா வர்ற கரண்ட்ல மோதிரம் பழுத்துடும். பேட்டரி கழட்டும்போது நெகட்டிவ் முதல்ல, மாட்டும்போது நெகட்டிவ் கடைசில. பேட்டரி பக்கத்துல பீடி, சிகரெட், தீக்குச்சி வேண்டவே வேண்டாம், சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும்.

சாவி திருப்பினா செல்ஃப் எடுக்கல

முதல்ல காதை வச்சு கேளுங்க. டக்டக்டக்டக்னு வேகமா அடிச்சா பேட்டரி இறங்கியிருக்கு இல்ல டெர்மினல் லூஸ். ஒரே ஒரு கனமான டக், அதோட நின்னுடுச்சுன்னா செல்ஃப் மோட்டாரோட சொலினாய்டு (மோட்டாருக்கு பெரிய கரண்டை விடுற சுவிட்ச்) காண்டாக்ட், பிரஷ், இல்ல மெயின் கேபிள்னு போகணும். ஒண்ணுமே சத்தம் இல்ல, ஆனா ஹெட்லைட் நல்லா பளிச்னு எரியுதுன்னா சொலினாய்டுக்கு வர்ற சின்ன வயரையும் இக்னிஷன் சுவிட்சையும் பாருங்க, சாவியை ஸ்டார்ட்ல பிடிச்சிருக்கும்போது அந்த சின்ன வயர்ல 12 வோல்ட் பக்கம் வரணும்.

அடுத்து மீட்டர். 20 வோல்ட் டிசி ரேஞ்சுல வச்சு, ராத்திரி முழுக்க நின்ன வண்டில காலைல பேட்டரிய அளந்தா 12.6 இருந்தா ஃபுல், 12.2 இருந்தா பாதிதான் இருக்கு, 12க்கு கீழ போயிடுச்சுன்னா சார்ஜ் போடாம வேற எந்த டெஸ்ட்டும் பண்ணி பிரயோஜனம் இல்ல. செல்ஃப் அடிக்கும்போதே மீட்டரை பாருங்க, 9.6க்கு கீழ விழுந்தா பேட்டரில பலம் இல்ல. 10.5, 11ல நின்னும் செல்ஃப் இழுத்து இழுத்து சுத்துதுன்னா பேட்டரி நல்லாதான் இருக்கு, நடுவுல எங்கயோ கரண்ட் மாட்டிக்குது.

எங்கன்னு கண்டுபிடிக்கிறது ரொம்ப சுலபம், ஆனா இதை யாரும் செய்யறதே இல்ல, அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன். மல்டிமீட்டரோட கருப்பு முனையை பேட்டரி நெகட்டிவ் போஸ்ட்டோட ஈயத்துலயே வைங்க, கிளாம்ப்ல இல்ல, ஈயத்துல. சிவப்பை என்ஜின் பிளாக்குல பெயின்ட் இல்லாத ஒரு போல்ட் தலையில வைங்க. வண்டி ஸ்டார்ட் ஆகாம இருக்க கார்புரேட்டர் வண்டில காயிலுக்கு போற சின்ன வயரை கழட்டுங்க, எம்பிஎப்ஐ வண்டில (கார்புரேட்டருக்கு பதிலா கம்ப்யூட்டர் வச்சு பெட்ரோல் பீய்ச்சுற வண்டி) பெட்ரோல் பம்ப் பியூஸை எடுத்துடுங்க. இப்போ ஒருத்தரை செல்ஃப் அடிக்க சொல்லுங்க. மீட்டர் 0.2 வோல்ட் காட்டினா எர்த் நல்லா இருக்கு. 0.5 தாண்டிடுச்சுன்னா எர்த் போச்சு, அது 1, 2ன்னு காட்டினா நீங்க எத்தனை பேட்டரி மாத்தினாலும் செல்ஃப் இப்படிதான் இழுக்கும். இதே மாதிரி பாசிட்டிவ் பக்கம், ஒரு முனை பேட்டரி பாசிட்டிவ் ஈயத்துல, இன்னொண்ணு செல்ஃப் மோட்டார்ல கேபிள் வர்ற போல்ட்ல, அதுலயும் 0.5 தாண்டக்கூடாது.

எர்த் தப்புன்னு வந்தா பேட்டரி நெகட்டிவ் கேபிளை பின்தொடர்ந்து போங்க, அது பாடிலயும் கியர் பாக்ஸ்லயும் போய் உக்காரும். கியர் பாக்ஸ் பக்கம் இருக்கிற அந்த லக் (கேபிள் நுனில போல்ட் மாட்டற வளையம்), ஆயிலும் மண்ணும் சேர்ந்து கெட்டியா ஒரு மேலோடு பிடிச்சு, போல்ட் டைட்டாதான் இருக்கும், கையால ஆட்டினா அசையாது, ஆனா கழட்டி பார்த்தா லக்குக்கு அடியில பச்சையும் காப்பிப்பொடி கலருமா துரு இருக்கும், செம்பே தெரியாது. உப்புத்தாள் போட்டு ரெண்டு பக்கமும் உலோகம் மினுங்குற வரைக்கும் தேச்சு, டைட் பண்ணிட்டு மேல வாசலின் தடவுங்க. கேபிள் நுனில ரப்பர் உறையை கொஞ்சம் பின்னாடி தள்ளி பாருங்க, உள்ள இழை எல்லாம் கருத்துப்போய் பொடியா உதிர்ந்தா அந்த கேபிளையே மாத்திடுங்க, நுனியை மட்டும் வெட்டி லக் அடிச்சா நிக்காது.

பேட்டரி லைட்

சாவி ஆன் பண்ணினா எரியணும், என்ஜின் ஓட ஆரம்பிச்சதும் அணையணும். இந்த லைட்டோட ஒரு பக்கம் இக்னிஷன்ல இருந்து வருது, இன்னொரு பக்கம் ஆல்டர்னேட்டர்ல, அதாவது நம்ம டைனமோன்னு சொல்றதுல, எல் பின்னுக்கு போகுது. ரெண்டு பக்கமும் ஒரே வோல்டேஜ் வந்தா பல்புக்கு கரண்ட் ஓடாது, அணைஞ்சிடும். இது மனசுல இருந்தா எல்லா ஆட்டமும் புரிஞ்சிடும்.

சாவி போட்டும் எரியவே இல்லன்னா சந்தோஷப்படாதீங்க. பல்பு போயிருக்கலாம், டேஷ்போர்டு மீட்டருக்கான பியூஸ் போயிருக்கலாம், எல் வயர் அறுந்திருக்கலாம். அந்த பல்பு வழியா போற சின்ன கரண்ட்தான் டைனமோவுக்குள்ள ஃபீல்டை முதல்ல எழுப்பிவிடுது, அது வரலைன்னா டைனமோ சார்ஜே பண்ணாம சும்மா சுத்தலாம். சும்மா ஒரு டேஷ்போர்டு பல்பு போனதுக்காக டைனமோவை பிரிச்சு மேஞ்ச வண்டிங்க இருக்கு.

ஓடும்போது எரியுதுன்னா முதல்ல பெல்ட்டை பாருங்க. கட்டைவிரலால நடுவுல அழுத்தினா ஒரு சென்டிமீட்டர் பக்கம் இறங்கணும், அதுக்கு மேல தொளதொளன்னு இருந்தா வழுக்கும், காலைல ஹெட்லைட் போட்டு ஸ்டார்ட் பண்ணும்போது கீச்னு கத்தறது அதுதான். பெல்ட் சரியா இருந்தா என்ஜினை கொஞ்சம் ஆக்ஸிலேட்டர் கொடுத்து, ஹெட்லைட்டும் ப்ளோயரும் போட்டுட்டு பேட்டரில அளங்க. 13.8ல இருந்து 14.5க்குள்ள இருந்தா சார்ஜ் நல்லா ஆகுது. 13க்கு கீழயே நிக்குதுன்னா மீட்டரை தூக்கி டைனமோல தடிச்ச கேபிள் வர்ற பி போல்ட்ல வைங்க, அங்க 14.5ம் அதுக்கு மேலயும் இருந்து பேட்டரில மட்டும் 12.4ன்னா டைனமோ பாவம் நல்லாதான் வேலை பண்ணுது, நடுவுல மெயின் பியூஸோ கேபிள் முனையோ எரிஞ்சிருக்கு. 15 தாண்டுச்சுன்னா ரெகுலேட்டர் (சார்ஜிங் வோல்டேஜை கட்டுப்படுத்தறது) போச்சு, பேட்டரி தண்ணி சீக்கிரம் குறையும், பல்பு எல்லாம் அடிக்கடி போகும், தள்ளிப்போடாம அன்னிக்கே பாருங்க.

பேட்டரில 14.2 இருக்கு ஆனாலும் லைட் எரியுதுன்னு வச்சுக்குங்க, என்ஜினை நிறுத்தி, டைனமோ பின்னாடி இருக்கிற கப்ளரை (வயர் செருகுற பிளக்கை) உருவிட்டு சாவியை மட்டும் ஆன் பண்ணுங்க. இன்னமும் எரிஞ்சா எல் வயர் எங்கயோ உரசி பாடில பட்டுட்டு இருக்கு. அணைஞ்சா டைனமோவுக்கு உள்ளதான், ரெகுலேட்டர் இல்ல டயோடு (டைனமோ ஏசியை டிசியா மாத்தறது).

லேசா மங்கலா மினுக்கிட்டு, ஹெட்லைட் போட்டா கொஞ்சம் கூடுதுன்னா அது வேற கேஸ். டேஷ்போர்டு மீட்டருக்கு வர்ற இக்னிஷன் லைன்ல வோல்டேஜ் குறையுதான்னு பாருங்க, பேட்டரி பாசிட்டிவுக்கும் அந்த மீட்டர் பியூஸுக்கும் நடுவுல 0.5க்கு மேல வித்தியாசம் வந்தா இக்னிஷன் சுவிட்ச் காண்டாக்ட் தேஞ்சிருக்கு. அது சரியா இருந்தா டயோடை சந்தேகப்படலாம், மல்டிமீட்டரை ஏசி ரேஞ்சுக்கு மாத்தி பேட்டரில வச்சு ஓடும்போது 0.5 தாண்டினா டயோடு ஒண்ணு போயிருக்கு. மலிவு மீட்டர் சிலது ஏசி ரேஞ்சுல டிசி வச்சாலும் பொய்யா ஒரு நம்பர் காட்டும், அதனால வண்டி ஆஃப்ல இருக்கும்போதும் வச்சு பாருங்க, அப்போ 0 காட்டினாதான் அந்த மீட்டரை இந்த டெஸ்ட்டுக்கு நம்பலாம்.

ஒண்ணு மட்டும் கெஞ்சி கேட்டுக்கறேன். என்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலை உருவி, வண்டி நிக்கலைன்னா டைனமோ ஓகேன்னு சொல்ற பழக்கம் நிறைய இடத்துல இருக்கு, யார் செஞ்சாலும் தடுத்துடுங்க. பேட்டரி இல்லாத அந்த நொடில வோல்டேஜ் எகிறும், ரெகுலேட்டர் போகலாம், எம்பிஎப்ஐ வண்டில கம்ப்யூட்டரே போகலாம்.

ஓட்டினா நல்லா ஓடுது, ரெண்டு நாள் நிறுத்தினா பேட்டரி காலி

சாவியை எடுத்து, கதவை எல்லாம் சாத்தி, நெகட்டிவ் கேபிளை கழட்டி, கேபிளுக்கும் போஸ்ட்டுக்கும் நடுவுல மீட்டரை 10 ஆம்ப் சாக்கெட்ல போட்டு வைங்க. இப்படி வச்சிருக்கும்போது சாவியை ஸ்டார்ட்டுக்கு திருப்பிடாதீங்க, மீட்டரோட பியூஸ் போயிடும். 50 மில்லி ஆம்புக்குள்ள இருக்கணும், கார்புரேட்டர் 800ல ஸ்டீரியோ மெமரி தவிர பெருசா ஒண்ணும் இழுக்கறதுக்கே இல்ல. 200, 300ன்னு காட்டினா பியூஸை ஒவ்வொண்ணா உருவுங்க, எதை உருவும்போது விழுதோ அந்த லைன்தான்.

பெரும்பாலும் மாட்டறது வெளிய போட்ட ஸ்டீரியோவும் சென்ட்ரல் லாக்கும். ஸ்டீரியோல மஞ்சள் வயர் நேரா பேட்டரி, சிவப்பு வயர் இக்னிஷன், சிலர் ரெண்டையும் சேர்த்து முறுக்கி பேட்டரிலயே கொடுத்துடறாங்க. எல்லா பியூஸையும் உருவின பிறகும் இழுக்குதுன்னா டைனமோவோட பி வயரை கழட்டி டேப் சுத்தி தனியா வச்சு பாருங்க, அப்போ விழுந்தா டயோடு வழியா கரண்ட் ஒழுகுது. இதை ஆட்டோ எலக்ட்ரீஷியன்கிட்ட கொடுத்து டயோடு பிளேட் மட்டும் மாத்தலாம், டைனமோ முழுசா வாங்க வேண்டியதில்ல.

சிவப்பு ஆயில் லைட்

இதுல மட்டும் கரண்ட் கோளாறா இருக்கும்னு நம்பி ஓட்டாதீங்க. ஓடும்போது எரிஞ்சா ஓரம் கட்டி உடனே ஆஃப் பண்ணுங்க, சமதளத்துல அஞ்சு நிமிஷம் விட்டு டிப் ஸ்டிக் பாருங்க. ஆயில் அளவு சரியா இருந்தா பிளாக்குல இருக்கிற ஆயில் சுவிட்சுல வர்ற ஒத்தை வயரை கழட்டிட்டு சாவி மட்டும் ஆன் பண்ணுங்க. அப்பவும் எரிஞ்சா வயர் பாடில பட்டிருக்கு, பெரிய விஷயம் இல்ல. அணைஞ்சா சுவிட்சும் கெட்டிருக்கலாம், நிஜமாவே பிரஷரும் இல்லாம இருக்கலாம், இதை மல்டிமீட்டர் வச்சு சொல்ல முடியாது, சுவிட்சை கழட்டி அந்த ஓட்டையில பிரஷர் கேஜ் மாட்டிதான் பார்க்கணும். சூடான பிறகு ஐடிலிங்ல மட்டும் மினுக்குதுன்னு சொல்றவங்க சுவிட்சை மாத்திட்டு நிம்மதியா இருக்காங்க, தேஞ்ச பேரிங்கும் இதே மாதிரிதான் மினுக்கும், தயவுசெஞ்சு கேஜ் வைங்க.

பிரேக் லைட்

ஹேண்ட் பிரேக் இறக்கியும் டேஷ்போர்டுல சிவப்பு பிரேக் லைட் அணையலன்னா லீவர் அடியில இருக்கிற சுவிட்ச் அழுக்காகி ஒட்டியிருக்கலாம். பிரேக் ஆயில் அளவு காட்டற வயர் இருக்கிற வண்டில திருப்பத்துல மட்டும் எரிஞ்சு அணையுதுன்னா பிரேக் ஆயில் குறைஞ்சிருக்கு. ஊத்தறதுக்கு முன்னாடி பேட் தேஞ்சிருக்கா, வீல் சிலிண்டர்ல ஒழுகுதான்னு பாருங்க.

டெம்பரேச்சர் முள்ளும் பெட்ரோல் முள்ளும்

ரெண்டு முள்ளும் சேர்ந்து ஆடினா, ரெண்டும் சேர்ந்து விழுந்தா சென்சாரை தொடாதீங்க, மீட்டர் போர்டுக்கு வர்ற பியூஸும் எர்த்தும்தான் கோளாறு. ரெண்டு சென்சாரும் ஒரே நாள்ல போறது ரொம்ப அபூர்வம்.

டெம்பரேச்சர் மட்டும்னா, என்ஜின் ஜில்லுனு இருக்கும்போதே சாவி போட்டதும் முள் எச்சுக்கு (சூடு பக்கம்) ஓடினா சென்சார் வயர் பாடில பட்டிருக்கு, வயரை கழட்டியும் இறங்கலன்னா உறுதி. எவ்ளோ ஓட்டினாலும் சியிலயே (குளிர் பக்கம்) இருந்தா வயரை கழட்டி ஒரு நொடி எர்த்ல தொட்டு பாருங்க, முள் ஏறினா மீட்டரும் வயரும் நல்லது, சென்சார் போச்சு. இன்னொண்ணு, நம்ம ஊர்ல நிறைய பேர் என்ஜின் சூடாகற வரைக்கும் ரேடியேட்டருக்கு தண்ணி போகாம தடுக்கிற தெர்மோஸ்டாட் வால்வையே கழட்டி எறிஞ்சிடுவாங்க, அந்த வண்டில முள் ஏறாம இருக்கறது கரண்ட் கோளாறே இல்ல.

முள் ஏறுது, ரேடியேட்டர் ஃபேன் சுத்தலன்னா கார்புரேட்டர் வண்டில தெர்மோ சுவிட்ச் கப்ளரை உருவி ரெண்டு வயரையும் சேர்த்து, கையை ஃபேன் பக்கம் கொண்டுபோகாம, சாவி ஆன் பண்ணுங்க. சுத்தினா சுவிட்ச் போச்சு. சுத்தலன்னா பியூஸ், ரிலே (சின்ன கரண்ட்ல பெரிய கரண்டை ஆன் பண்ற சுவிட்ச்), ஃபேன் மோட்டாரோட எர்த் பாருங்க.

பிரேக் மிதிச்சா இண்டிகேட்டர் எரியுது

பின்னாடி விளக்குல வர்ற இந்த விசித்திரம் எல்லாம் எர்த்தான். பிரேக் பல்போட கரண்ட் திரும்பி போக எர்த் கிடைக்காம பக்கத்துல இருக்கிற பல்பு வழியா வழி தேடிக்கும், அதனால பிரேக் மிதிச்சா பார்க் லைட் மங்கும், இண்டிகேட்டர் லேசா மினுக்கும். டெயில் லேம்ப்ல இருந்து கருப்பு வயரை பிடிச்சுட்டு போனா டிக்கிக்குள்ள பாடில ஒரு ஸ்க்ரூல முடியும், பெயின்ட் மேலயே முடுக்கி வச்சிருப்பாங்க, சுரண்டி முடுக்குங்க. பல்பு ஹோல்டரையும் கழட்டி உள்ள பாருங்க, அடில இருக்கிற ரெண்டு ஈயப் பொட்டும் அழுந்தி குழியாகி, ஸ்பிரிங் வளையம் துரு பிடிச்சு எழும்பாம இருக்கும். அங்க போடறது 21/5 வாட் ரெட்டை ஃபிலமென்ட் பல்பு, அதோட பின் ரெண்டும் ஒரே உயரத்துல இருக்காது, அதனால பலவந்தமா திருப்பி தலைகீழா மாட்டிடாதீங்க.

ஒரு பக்கம் இண்டிகேட்டர் வேகமா அடிச்சா அந்த பக்கம் ஒரு பல்பு போயிருக்கு, இல்ல யாரோ எல்ஈடி மாட்டியிருக்காங்க. ஹசார்ட் வேலை செய்யுது, இண்டிகேட்டர் மட்டும் இல்லன்னா ஃபிளாஷரை மாத்தாதீங்க, இண்டிகேட்டர் பியூஸையும் சுவிட்சையும் பாருங்க.

ஹெட்லைட் மஞ்சளா, மங்கலா எரியுது

பேட்டரில 14 வோல்ட் இருக்கும்போது பல்பு கப்ளர்ல எவ்ளோ வருதுன்னு பாருங்க, பல்பு எரியும்போதே அளக்கணும், கழட்டி வச்சு அளந்தா எல்லாமே 14 காட்டும். 12க்கு கீழ வந்தா வழில போகுது. வோல்டேஜ் கொஞ்சம் குறைஞ்சாலே வெளிச்சம் நிறைய குறையும். பழைய வண்டில ஹெட்லைட் கரண்ட் முழுசும் அந்த சின்ன சுவிட்ச் வழியாதான் போகும், அதுல 60/55 வாட்டுக்கு பதிலா 100/90 போட்டா கப்ளர் உருகும், சுவிட்ச் சூடாகி வாசனை வரும். அதே 60/55ஐயே வச்சு ரெண்டு ரிலே போடுங்க, ரிலேல எழுதியிருக்கிற பின் நம்பர்ல 30க்கு பேட்டரில இருந்து பியூஸ் வச்சு தடிச்ச வயர், 87 பல்புக்கு, 85 எர்த், 86க்கு பழைய சுவிட்ச் வயர். ஆனா உங்க வண்டில சுவிட்ச் எர்த் பக்கம் கட் பண்ணுதா பாசிட்டிவ் பக்கம் கட் பண்ணுதான்னு முதல்ல டெஸ்ட் லேம்ப் வச்சு பாத்துட்டு கனெக்‌ஷன் கொடுங்க. வெளிச்சம் எவ்ளோ கூடுதுன்னு அன்னிக்கு ராத்திரியே தெரியும்.

பியூஸ் போட போட போகுது

பெரிய பியூஸ் போடாதீங்க, சிகரெட் அட்டை ஜிகினா தாளும் செம்பு இழையும் வைக்கவே வைக்காதீங்க, பியூஸ் காப்பாத்தறது வயரை, வயர் எரிஞ்சா வண்டியே போயிடும். பிளேடு பியூஸ்ல சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30, மூடில எழுதியிருக்கறதைதான் போடணும்.

பியூஸ் இருந்த இடத்துல அந்த 21 வாட் டெஸ்ட் லேம்ப்போட ரெண்டு வயரையும் செருகுங்க. ஷார்ட் இருக்கிற வரைக்கும் பல்பு பளிச்னு எரியும், வயர் கருகாது. இப்போ அந்த லைன்ல இருக்கிற சாமான் கப்ளரை ஒவ்வொண்ணா உருவுங்க, வயரை அங்கங்க ஆட்டி பாருங்க, பல்பு அணையற அல்லது மினுக்கற இடம்தான் ஷார்ட். கதவு கீல் பக்கம் மடங்கற இடம், டிக்கி கதவு ரப்பர் குழாய், பானெட்டுல தகரத்தை துளைச்சு வயர் போற இடத்துல ரப்பர் போன ஓட்டை, இந்த மூணையும் முதல்ல பாருங்க.

செக் என்ஜின் லைட்

எம்பிஎப்ஐ வண்டிக்கு மட்டும். சாவி போட்டா எரிஞ்சு ஸ்டார்ட் ஆனா அணையணும். செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது இதை கட்டாயம் பாருங்க, சாவி போட்டும் எரியலைன்னா பல்பையே எடுத்திருக்கலாம். 2010க்கு முன்னாடி வந்த வண்டில இப்போ விக்கிற சின்ன புளூடூத் ஸ்கேனர் பெரும்பாலும் பேசாது, அந்த கம்பெனி வண்டிக்கான ஸ்கேனர் வச்சிருக்கிற ஒர்க் ஷாப்புக்கு போகணும். ஸ்கேனர் காட்டற கோளாறு கோடு (எரர் கோட்) எதுன்னு எழுதி வாங்கறதுக்கு முன்னாடி பேட்டரியை கழட்டாதீங்க, கோடு அழிஞ்சிடும். சென்சார் பேர்ல கோடு வந்துடுச்சுன்னு உடனே சென்சார் வாங்காம அந்த கப்ளர்ல பின் பச்சை பிடிச்சிருக்கா, கம்ப்யூட்டரோட எர்த் டைட்டா இருக்கா, சார்ஜிங் வோல்டேஜ் சரியான்னு பாருங்க, ஸ்கேனர் அந்த லைன்ல கோளாறுன்னுதான் சொல்லுது, சென்சார் போச்சுன்னு சொல்லல.

ஒரே நேரத்துல நாலஞ்சு கோளாறு

தண்ணில நின்ன வண்டி, எலி கடிச்ச வண்டி, இந்த ரெண்டும்தான் பெரும்பாலும். 2015 டிசம்பர்ல சென்னை வெள்ளத்துல நின்ன வண்டி, 2023 மிக்ஜாம்ல நின்ன வண்டி எல்லாம் வெளிய சுத்தமா கழுவி வித்திருப்பாங்க, கார்பெட்டை தூக்கி கீழ போற கப்ளரை உருவி பாருங்க, பின்னுல பச்சை பூத்திருந்தா அடுத்தடுத்து கோளாறு வந்துட்டே இருக்கும். எலி கடிச்சதுன்னா கடிச்ச இடத்துல மட்டும் டேப் சுத்தாம, அதே தடிமன் வயர் சேர்த்து, ஈயம் வச்சு சால்டர் பண்ணி, ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு மூடணும், பானெட் சூட்டுல சாதா டேப் பசை உருகி வழிஞ்சிடும்.

எலக்ட்ரீஷியன்கிட்ட விடறதா இருந்தா அளந்த நம்பரை எல்லாம் ஒரு தாள்ல எழுதி கொண்டு போங்க, நின்ன பேட்டரி எவ்ளோ, செல்ஃப் அடிக்கும்போது எவ்ளோ, ஓடும்போது எவ்ளோ, எர்த்ல எவ்ளோ போகுதுன்னு. நல்ல எலக்ட்ரீஷியன் அந்த தாளை வாங்கி பார்த்துட்டு நேரா அந்த இடத்துல கை வைப்பார், பார்க்காமலே டைனமோவை கழட்ட ஸ்பானர் எடுத்தார்னா அண்ணே அப்புறம் வரேன்னு சொல்லிட்டு வண்டியை எடுத்துட்டு வந்துடுங்க.